நெய்ச்சோறு தின்ற குதிரை

காஹாங்கில் நான் பார்த்த குதிரைகள் எல்லாமே சிமெண்ட் குதிரைகள். தோட்டத்து முனீஸ்வரர் கோயில் வாசலில் வெள்ளை அடித்து, கண்ணை உருட்டிக்கொண்டு, ஒரு முன்னங்காலைத் தூக்கி நிற்கும். திருவிழாவுக்குத் திருவிழா புதுப் பெயிண்ட். நிஜமாக நடமாடுவது யானைகள்தான். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு யானை எச்சரிக்கைப் பலகைகள் பழக்கம். இளம் செம்பனைக் கன்றின் குருத்து யானைக்குப் பிடிக்கும். ஒரே இரவில் ஒரு வரிசையே காணாமல் போய்விடும். நான் வேலை செய்யும் செம்பனை ஆலையில் காவலுக்கு இருக்கும் பெரியவர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, நெசக் குதிர ஒண்ணு இந்த யானையப் பாத்தா என்னா செய்யும்?"

ஓடிவிடும் என்றேன்.

"அப்ப ராஜா காலத்துல ரெண்டையும் ஒரே படையில எப்படி வச்சிருந்தாங்க?"

நாற்படை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நாம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தேர், யானை, குதிரை, காலாள் என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். யானையைப் பார்த்துக் குதிரை மிரளும் என்றால் அந்த வரிசை எப்படி ஒரு படையாக நின்றது? மிரளும் பிராணியை யார், எப்படிப் பழக்கினார்கள்? பழக்கினார்களா?

குதிரை ஏன் மிரள்கிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் எனக்குச் சொன்னவர் என் தாய்மாமா. ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூர் கிராஞ்சியில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்விடுவார். லாயத்தில் அவர் வேலைக்குப் பெயர் சைஸ். அரபியில் பிறந்து, இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் வாயில் புழங்கி, மலாயிலும் சைஸ் ஆகவே நிலைத்துவிட்ட சொல். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்திக்கொண்டு போய், நடத்திக்கொண்டு வருகிறவர். (எங்கள் பாட்டிக்கு இதில் ஒரு குழப்பம் கடைசிவரை இருந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். மகன் லாயத்தில் வேலை செய்கிறான் என்றால், "இன்னுமாடா லயத்துல இருக்கே?" என்பார்.)

மாமா சொல்வார்: "டேய், அது ஒன்னப் பாத்து மெரளல. ஒன் கையில இருக்கிற பிளாஸ்டிக் பையப் பாத்து மெரளுது."

ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி. காற்றில் படபடக்கும் பையைக் கண்டு துள்ளிப் பக்கவாட்டில் பாய்கிறது. பார்ப்பவனுக்குச் சிரிப்பு வரும், மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு வராது.

குதிரையின் கண் தரையில் வாழும் பாலூட்டிகளின் கண்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அது நம்முடையதுபோல முகத்தின் முன்னால் இல்லை, பக்கங்களில் இருக்கிறது. தலையைத் திருப்பாமலேயே ஏறக்குறைய 350 பாகை சுற்றளவை அது பார்க்கிறது. தெரியாத இடங்கள் இரண்டே: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் முன்னால் ஒரு சிறு துண்டு. விலை என்னவென்றால், அந்தப் பரப்பின் பெரும்பகுதியை ஒரே ஒரு கண்தான் பார்க்கிறது. ஒரு கண்ணால் பார்க்கும்போது தூரம் சரியாகப் பிடிபடாது. நுணுக்கமும் நமக்குத் தெரிவதுபோலத் தெரியாது. அசைவு மட்டும் உடனே தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். இருட்டான லாயக் கதவுக்கு முன்னால் குதிரை நின்றுகொண்டு அடம்பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அதற்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நாம் பின்னாலிருந்து தள்ளுகிறோம்.

கொம்பு இல்லை, நகம் இல்லை, கடித்துக் குதறும் பல் இல்லை. இருப்பது நான்கு கால். புல்வெளியில் பல லட்சம் ஆண்டுகள் பிழைத்தவை, முதலில் ஓடிவிட்டுப் பிறகு திரும்பிப் பார்த்த குதிரைகள். நின்று யோசித்தவற்றுக்குக் குட்டிகள் இல்லை.

இதை எங்கள் ஆலை மொழியில் எனக்கு எளிதாகப் புரிந்துகொள்ள முடிந்தது. பாய்லரில் தண்ணீர் மட்டம் குறைந்தால் நெருப்பைத் தானாக நிறுத்திவிடும் ஒரு கருவி உண்டு. சில சமயம் தண்ணீர் இருக்கும்போதே மிதவை சிக்கிக்கொண்டு நிறுத்திவிடும். எல்லாரும் திட்டுவார்கள், ஒரு மணி நேர உற்பத்தி போகும். அதற்காக அந்தக் கருவியைக் கொஞ்சம் "அசட்டையாக" இருக்கும்படி யாரும் திருத்தி வைப்பதில்லை. வீணாக நூறு முறை நின்றாலும் நஷ்டம் நூறு மணி நேரம். நிற்க வேண்டிய ஒரே ஒருமுறை நிற்காவிட்டால் பாய்லரும் இல்லை, பக்கத்தில் நின்றவனும் இல்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நாம் கேலியாகச் சொல்வது குதிரையைப் பொறுத்தவரை நல்ல கணக்கு.

இன்னொரு விஷயம், குதிரை ஓட்டுகிறவர்கள் அடிக்கடி எரிச்சல்படுவது. நேற்றுப் பார்த்த அதே குப்பைத்தொட்டி, இன்று அதைக் கண்டு மிரளும். நடிக்கிறது, வேலை செய்யாமலிருக்கச் சாக்கு என்பார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் கிராண்டினும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தொட்டது. குழந்தைகள் விளையாடும் ஒரு பெரிய பிளாஸ்டிக் சாமானைத் தாண்டிக் குதிரைகளைப் பலமுறை நடத்திப் பழக்கினார்கள். பழகியபின் அதே சாமானை அதே இடத்தில் கொஞ்சம் திருப்பி வைத்தார்கள். பல குதிரைகளுக்கு அது மறுபடி புதுப்பொருள். நமக்குத்தான் அது "அதே" சாமான்.

அலெக்சாந்தரின் புசேபலஸ் கதை எல்லாருக்கும் தெரியும், நீட்டவில்லை. தன் நிழலைக் கண்டே மிரண்ட குதிரையை அவன் சூரியனைப் பார்க்கத் திருப்பினான் என்கிறார் புளூட்டார்க். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வீரம் அல்ல. எல்லாரும் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குதிரை எதைப் பார்க்கிறது என்று பார்த்தவன் ஒரு பையன். அவனுக்கு முந்தின தலைமுறையில் செனபோன் எழுதிய குதிரையேற்ற நூலும் இதையே சொல்கிறது: குதிரை எதையாவது கண்டு தயங்கினால் அடிக்காதே, அந்தப் பொருளை நீ தொட்டுக் காட்டி மெதுவாகக் கூட்டிப்போ. அடித்தால், அந்தப் பொருள்தான் வலியைத் தந்தது என்று குதிரை நினைத்துக்கொள்ளும்.

அதே அலெக்சாந்தர் பிறகு யானைக்கு முன்னால் வந்து நின்றான். கி.மு. 326, ஜீலம் நதி. எதிர்க்கரையில் போரஸ் யானைகளை வரிசையாக நிறுத்தியிருந்தான். நேரே ஆற்றைக் கடக்க முடியாததற்குக் காரணம் வெள்ளம் மட்டுமல்ல என்று அர்ரியன் எழுதுகிறார். தோல் மிதவைகளில் ஏற்றிய குதிரைகள், தூரத்தில் யானைகளைப் பார்த்ததுமே வெறிபிடித்துத் தண்ணீருக்குள் குதித்துவிடும் என்று அலெக்சாந்தர் கணக்குப் போட்டான். அதனால்தான் மழையும் இடியுமான ஓர் இரவில் வெகுதூரம் மேலே போய், யானைகள் இல்லாத இடத்தில் கடந்தான். உலகப் புகழ்பெற்ற அந்த ஆற்றுக் கடத்தலின் பின்னால் குதிரையின் பயம் இருக்கிறது.

அதற்குப்பின் நூறு வருடத்துக்குள் இது மத்தியதரைக்கடல் நாடுகள் முழுக்கத் தெரிந்த தந்திரமாகிவிட்டது. கி.மு. 280இல் ஹெராக்ளியாவில் பிர்ரஸின் யானைகளைக் கண்ட ரோமானியக் குதிரைகள், கிட்டே போகுமுன்பே சவாரிக்காரர்களைச் சுமந்துகொண்டு திரும்பி ஓடின. அடுத்த பத்தாண்டுகளில் கலாத்தியர்களை எதிர்த்த முதலாம் அந்தியோக்கஸிடம் இருந்தது பதினாறு யானைகள்தான். கலாத்தியக் குதிரைகள் யானையையே பார்த்திராதவை. தங்கள் தேர்களையும் காலாட்களையும் மிதித்துக்கொண்டு பின்னால் ஓடின. வெற்றிக்குப் பிறகு அந்தியோக்கஸ் சந்தோஷப்படவில்லை, பதினாறு மிருகங்களால் உயிர் பிழைத்தோமே என்று வெட்கப்பட்டான், வெற்றிச் சின்னத்தில் ஒரு யானையை மட்டும் செதுக்கச் சொன்னான் என்று லூசியன் சொல்கிறார். ஒட்டகத்தை வைத்து இதே வேலையைப் பாரசீகத்தின் சைரஸ் அதற்கும் முன்பே செய்திருந்தான்.

தந்திரம் தெரிந்தால் மாற்றும் வரும். மாசிடோனியாவின் கடைசி அரசன் பெர்சியஸ், ரோமானியர்கள் யானை கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்ததும் மர யானைகளைச் செய்யச் சொன்னான். உள்ளே ஓர் ஆளை உட்காரவைத்து எக்காளம் ஊதச்சொல்லி, குதிரைகளைத் தினமும் அவற்றின் கிட்டே கூட்டிப்போய்ப் பழக்கினான். கி.மு. 46இல் ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜூலியஸ் சீசர், எதிரியிடம் யானை இருந்ததால், இத்தாலியிலிருந்து நிஜ யானைகளையே வரவழைத்தார். சண்டைக்கு அல்ல, அவருடைய ஆட்களும் குதிரைகளும் பார்த்து, மோந்து, சத்தம் கேட்டுப் பழகுவதற்கு.

காவல்காரப் பெரியவரின் கேள்விக்கு இதுதான் நேரடிப் பதில். பழகினால் நிற்கும். ஜீலத்தின் எதிர்க்கரையில் போரஸின் குதிரைகளும் நின்றன, அதே யானைகளுக்குப் பக்கத்தில்.

எப்படிப் பழக்கினார்கள் என்பதற்கு அர்த்தசாஸ்திரத்தில் ஒரு வினோதமான குறிப்பு இருக்கிறது. குதிரைகளின் கண்காணிப்பாளரைப் பற்றிய பகுதியில் லாயம் எப்படி இருக்க வேண்டும் என்று அளவோடு சொல்லிக்கொண்டே வரும்போது, அங்கே குரங்கு, மயில், புள்ளிமான், கீரி, கிளி, மைனா ஆகியவற்றுக்கு இடம் இருக்கவேண்டும் என்கிறது. விஷத்தையும் நோயையும் தடுக்க என்று வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். சீனர்களிடமும் லாயத்தில் குரங்கு வைத்தால் குதிரைக்கு நோய் வராது என்ற நம்பிக்கை உண்டு. நம்மூர்த் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்த குரங்கு ராஜா சன் வுகோங்குக்கு வானுலகத்தில் கிடைத்த முதல் உத்தியோகமே குதிரைலாயப் பொறுப்புதான். எனக்கென்னவோ அதில் இன்னொரு பயனும் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. மேலே தாவும் ஒன்று, காலடியில் ஓடும் ஒன்று, திடீரென்று இறகு விரிக்கும் ஒன்று. இவற்றுக்கு நடுவில் வளரும் குதிரை எதைக் கண்டு மிரளப்போகிறது? கௌடில்யர் அப்படிச் சொல்லவில்லை, இது என் ஊகம்.

ஆனால் தமிழ்நாட்டின் கதை வேறு மாதிரி. இங்கே போர்க்குதிரையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கும் சரக்குகளில் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை முதலில் வைக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகள் வருகிறார்கள். பாண்டியர் காலத்தில் அது பெருவணிகம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு வாயைப் பிளக்க வைப்பது. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுதீன், மாபார் என்று அரபிகள் அழைத்த பாண்டிய நாட்டுக்கு வருடம் 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரை 220 செம்பொன் தினார். அதற்கு முந்தைய ஒரு காலத்தில் பல துறைமுகங்களிலிருந்தும் மொத்தம் ஆண்டுக்கு 10,000 குதிரைகள், 22 லட்சம் தினார்.

ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்துதான் என்னை நிறுத்தியது. வழியில் கடலிலேயே குதிரை செத்தாலும் அதன் விலையைப் பாண்டியக் கருவூலம் கொடுத்துவிட வேண்டும். இயந்திரம் வாங்கும் ஒப்பந்தங்களைத் தினமும் பார்க்கிறவன் நான். வழியில் உடைந்தாலும் பணம் உண்டு என்றால், பத்திரமாகக் கட்டி அனுப்ப விற்பவனுக்கு என்ன அவசரம்? ஜமாலுதீனின் தம்பி தகியுதீன் பாண்டிய அரசவையில் செல்வாக்கான அமைச்சராகவும் இருந்தார். விற்பவர் அண்ணன், வாங்கும் பக்கத்தில் தம்பி. மேலே நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கோயில் சொத்துகளின் வருமானத்திலிருந்தும், கோயிலைச் சார்ந்த கணிகையர் மீது விதித்த வரியிலிருந்தும் என்கிறார் வஸ்ஸாஃப். இதைப் படித்தபோது மாணிக்கவாசகர் கதை தலைகீழாகத் திரும்பி நின்றது. அதில் அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழிக்கிறார். வஸ்ஸாஃப் கணக்கில் கோயில் பணம் குதிரைக்குப் போகிறது. கதை வஸ்ஸாஃபுக்கு மிக முந்தியது, திருவாசகத்திலேயே நரி பரியான குறிப்பு உண்டு. ஆக ஒன்றைப் பார்த்து மற்றது பிறக்கவில்லை. ஆனால் குதிரைச் செலவு கோயில் செலவோடு போட்டிபோடும் அளவு பெரியது என்பது இரண்டிலும் தெரிகிறது.

இவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரை என்ன ஆயிற்று? 1290களில் இங்கே வந்த மார்க்கோ போலோ, அரசனும் அவன் சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினாலும் வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்கிறார். பராமரிக்கத் தெரியாததுதான் காரணம், லாடமடித்து வைத்தியம் பார்க்கிறவர் நாட்டில் இல்லை, குதிரை வியாபாரிகள் அப்படி ஒருவரை இங்கே வரவிடுவதும் இல்லை என்கிறார். சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீனியாகப் போடுகிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறார். வஸ்ஸாஃபின் பட்டியல் வேறு: வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால்.

அடுத்து வஸ்ஸாஃப் சொல்வதைத்தான் நான் பலமுறை படித்தேன். கப்பலிலிருந்து வந்த குதிரையை லாயத்தில் முளையடித்துக் கயிற்றால் கட்டி, கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் வைத்திருப்பார்களாம். பிறகு எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், அங்கவடிகூட இல்லாமல், வீரர்கள் ஏறிப் பேய்போல ஓட்டுவார்களாம். காற்றாகப் பறந்த குதிரைகள் கொஞ்ச காலத்தில் சோர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமல் போய்விடுமாம்.

பயம் என்ற கோணத்திலிருந்து இதைப் பார்ப்போம். கூட்டமாக வாழும் பிராணி. கப்பலில் பல வாரம் ஆடி அலைந்து வந்திருக்கிறது. அதன் ஒரே தற்காப்பு ஓடுவது, அந்தக் காலைத்தான் நாற்பது நாள் கட்டிவைக்கிறோம். ஓட்டமில்லாமல் தானியத்தையும் வெண்ணெயையும் போட்டுக்கொண்டே இருக்கிறோம். சக்தி ஏறும், செலவாக வழியில்லை. குளம்புக்கும் குடலுக்கும் அந்தத் தீனி கேடு என்பது இன்று எந்த லாயத்திலும் தெரிந்த பாடம். நாற்பத்தோராம் நாள் அவிழ்த்துவிட்டு, முரசும் கொம்பும் குடையும் கொடியும் யானையும் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகிறோம். மிரளாமல் என்ன செய்யும்? மிரண்டால் சாட்டை. செனபோன் எதைச் செய்யாதே என்றாரோ அதுவே.

போலோவும் வஸ்ஸாஃபும் வெளியாட்கள், மிகைப்படுத்தியிருப்பார்கள் என்று சொல்லலாம். சொல்லவும் வேண்டும். வஸ்ஸாஃப் நம்மூர் வெயிலையும் ஒரு காரணமாகச் சொல்கிறார். பாடப்புத்தகங்களும் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஆனால் உள்ளூர்ச் சாட்சி ஒன்று இருக்கிறது, இவர்களுக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தியது.

புறநானூறு 299, பொன்முடியார் பாடியது. துறையின் பெயரே குதிரைமறம். அதில் இரண்டு குதிரைகள். ஒன்று, பருத்திச்செடி வேலியாக இருக்கும் சிற்றூர்த் தலைவனுடையது, உளுந்துச் சக்கை தின்று தளர்ந்த நடை நடப்பது. மற்றது பெரிய மன்னர்களுடையது, நெய் கலந்த கவளம் சாப்பிட்டு, பிடரி மயிரை அழகாகக் கத்தரித்து, மாலை போட்டு நிற்பது. சண்டை வந்தபோது சக்கை தின்ற குதிரை கடலைக் கிழிக்கும் தோணிபோலப் படையைப் பிளந்துகொண்டு போகிறது. நெய் தின்ற குதிரைகள் ஒதுங்கி நிற்கின்றன. எப்படி? முருகன் கோயிலில் கலத்தைத் தொடக்கூடாத நாளில் இருக்கும் பெண்களைப்போல. இந்த உவமை இன்று நமக்கு உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். ஆனாலும் அந்த உவமை குதிரைகளைக் கோழை என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்கலாம். ஏதோ ஒன்று உள்ளுக்குள் தடுத்து, கிட்டே போகவிடாமல் நிறுத்துகிறது. மிரண்டு உறைந்த குதிரையைப் பார்த்தவர் சொன்ன உவமை அது.

பொதுவாக இந்தப் பாட்டை ஏழைத் தலைவனின் வீரத்துக்குப் பாராட்டு என்று வாசித்து நகர்ந்துவிடுவோம். நான் அதை லாயக் குறிப்பாகவும் வாசிக்கிறேன். வெயில் இரண்டு குதிரைக்கும் ஒன்றுதான். சிற்றூர்க் குதிரை தினமும் வெளியே போகிறது, மாட்டையும் ஆட்டையும் நாயையும் பிள்ளைகளையும் பார்க்கிறது, தெரிந்த ஓர் ஆளோடு வேலை செய்கிறது. மன்னரின் குதிரை அலங்காரமாக நிற்கிறது. பாண்டியர்கள் 220 தினார் கொடுத்து வாங்கியது இரண்டாவது வகையைத்தான். குதிரையை வாங்கினார்கள், குதிரைக்காரனை வாங்கவில்லை. போலோ சொல்வது பாதி உண்மையென்றால்கூட, வியாபாரிகள் விற்க மறுத்தது அந்த ஒன்றைத்தான். வருடாவருடம் 1,400 குதிரை விற்க வேண்டுமென்றால் பழைய 1,400 உயிரோடு இருக்கக் கூடாது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் பகலில் அழகான பரிகளாக வந்து இறங்கியவை இரவில் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டு ஓடுகின்றன. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இந்த லீலை நடக்கிறது. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். காலையில் லாயக் கதவைத் திறந்தபோது இருக்க வேண்டியவை இல்லாமல், கட்டியிருந்தவை ரத்தத்தில் கிடந்த காட்சியை யாரோ எங்கோ பார்த்திருக்கிறார்கள். கட்டுத்தறியில் மிரண்டு துடிக்கும் குதிரைகள் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும். ஓட முடியாத இடத்தில் மிரண்ட குதிரை சுவரோடு மோதும்.

திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் புலியின் தலைக்கு மேலே பின்னங்காலில் எழுந்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அற்புதமான வேலை. புலிக்கு அவ்வளவு கிட்டே நிற்கும் குதிரை கல்லில்தான் சாத்தியம்.

பழக்கும் வேலைக்குத் திரும்புவோம், ஏனென்றால் அதுதான் எழுதி வைக்கப்படாமல் போனது. டென்மார்க்கில் யன்ன வின்தர் கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட சோதனையில், இளம் ஆண்குதிரைகளை அசையும் வெள்ளை நைலான் பைக்குப் பழக்கினார்கள், மாமாவின் அதே பிளாஸ்டிக் பைதான். ஒரேயடியாக முகத்துக்கு நேரே ஆட்டிப் பழக்குவதைவிட, படிப்படியாகக் கிட்டே கொண்டுவந்ததே நன்றாக வேலை செய்தது. 2008இல் இன்னொன்று: ஏற்கெனவே பழகிய அமைதியான குதிரை பக்கத்தில் இருந்தால், ஒன்றும் தெரியாத குதிரை குறைவாகவே மிரள்கிறது. பின்னால் அது தனியாக வரும்போதும் அந்த நிதானம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. கிராஞ்சிக்கு விமானத்தில் வந்து இறங்கும் புதுக் குதிரையை வயசான குதிரை ஒன்றின் பக்கத்து அறையில்தான் முதலில் விடுவார்களாம். வெளியே நடத்தும்போதும் கிழடு முன்னால், புதுசு பின்னால். "கெழடு பையப் பாத்துட்டு சும்மா போவும். இது அதோட காதப் பாக்கும். காது திரும்பலன்னா இதுவும் போயிரும்." மழைக்கோட்டு, குடை, தண்ணீர்க் குழாய், புல் வெட்டும் இயந்திரம் என்று ஒவ்வொன்றையும் தூரத்தில் காட்டிக் காட்டிக் கிட்டே கொண்டுவருவார்களாம். எந்தக் குதிரைக்கு எது ஆகாது என்பது சைஸ்களின் மண்டைக்குள் மட்டும் இருந்தது. யார் கேட்டு எழுதிக்கொண்டார்கள்?

1843இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ஓட்டத்தோடு முடிந்தது. நிலம் அரசாங்கத்துக்குத் திரும்புகிறது, அதன்மேல் வீடுகள் வரும். குதிரைகள் வேறு ஊர்களுக்குப் போயின. மாமா இப்போது ஜொகூர் பாருவில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார்.

போன தீபாவளிக்கு வஸ்ஸாஃப் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தினார் கணக்கைக் கேட்டு மட்டும் "அம்மாடி" என்றார். நாற்பது நாள் கட்டிவைத்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"நாப்பது நாளு கட்டுனாங்க சரி. பக்கத்துல வேற குதிர கண்ணுல படுற மாதிரி இருந்துச்சா, இல்ல தடுப்பு போட்டுத் தனியாவா?"

பத்தியை மேலிருந்து கீழ்வரை மறுபடி பார்த்தேன். வஸ்ஸாஃப் அதை எழுதவில்லை.